கூடிப்போன அரைப் புள்ளி

போன மாதம் பருத்திப்பட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு நாலைந்து பெண்கள் வந்தார்கள். எல்லோரும் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து ஆடுகிறவர்கள். விதிகளைத் திருத்தியிருக்கிறார்களாம். ஏற்கெனவே தங்கள் உடம்புக்குப் புள்ளி வாங்கியவர்களையும் மறுபடி சோதிக்கப் போகிறார்களாம். முகத்தில் கலவரத்தோடு வந்து, என் கட்டிலைச் சுற்றி நாற்காலிகளை நிறுத்திக்கொண்டார்கள்.

"யக்கா, நீ இதெல்லாம் பார்த்துகினு வந்தவ. டெஸ்ட்டுல இன்னா பண்ணணும், சொல்லு" என்றாள் ஒருத்தி.

எனக்குத் தெரிந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே குழம்பிவிட்டது. அவர்களும் குழம்பித்தான் போனார்கள். எழுதினால் ஒருவேளை தெளியுமோ என்று இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். தெளியாவிட்டால் என்னைக் குறை சொல்லக்கூடாது.

என் பெயர் சாந்தி. வேலை என்று நான் சொல்வது விளையாட்டைத்தான். சம்பளத்துக்குப் பார்த்தது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டெலிபோன் எடுக்கும் வேலை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கல்யாணத்துக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த வயதில், சேகர் அண்ணனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது பாடி சந்திப்பில் ஒரு லாரி இடித்தது. அண்ணனுக்குச் சிராய்ப்பு. எனக்கு முதுகுத்தண்டு. மார்புக்குக் கீழே இனி ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு அண்ணன் வண்டிச் சாவியைத் தூக்கிப் போட்டவன்தான், அதற்குப் பிறகு இருசக்கர வண்டியைத் தொடவே இல்லை. ஆவடியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான்.

அழுத வருஷங்களையும் பழகிய வருஷங்களையும் விட்டுவிடுகிறேன். அழுகையில் புதிதாக என்ன இருக்கிறது? முதலில் நாற்காலி ஓட்டம். பிறகு குண்டு எறிதல், ஈட்டி எறிதல். இரண்டுக்கும் நாற்காலியைத் தரையோடு கட்டிவிடுவார்கள், உட்கார்ந்த வாக்கில் எறிய வேண்டும். நடுவில் கொஞ்ச காலம் வாள்சண்டைகூடப் போட்டேன். அம்மாவுக்கு அதுதான் பிடிக்கவில்லை. "பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்குடி கத்தி?" என்பாள். கடைசியாகக் கூடைப்பந்து. அதில்தான் தங்கினேன்.

இந்த விளையாட்டுகள் எல்லாவற்றிலும் நம் உடம்புக்கு ஒரு எண் கொடுப்பார்கள். எதில் எவ்வளவு முடியும், எவ்வளவு முடியாது என்று பார்த்துக் கொடுக்கிற எண். ஓட்டத்தில் எனக்கு ஒரு எண், எறிவதில் இன்னொன்று, கூடைப்பந்தில் வேறொன்று. ரேஷன் கார்டில் ஒரு பெயரும் வாக்காளர் அட்டையில் ஒரு பெயரும் இருக்கிறவனைப் போல, எந்த மைதானத்தில் நான் யார் என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கூடைப்பந்தின் கணக்கை மட்டும் சொல்கிறேன், அது தெரியாமல் மேலே போக முடியாது. ஆடுகிறவர்களுக்கு ஒன்றிலிருந்து நாலரை வரை புள்ளி. உடம்பு எவ்வளவு குறைவாக வேலை செய்கிறதோ அவ்வளவு குறைந்த புள்ளி. களத்தில் இறங்கும் ஐந்து பேரின் புள்ளியையும் கூட்டினால் பதினாலைத் தாண்டக் கூடாது. அப்போதுதான் எல்லா விதமான உடம்புக்கும் களத்தில் இடம் கிடைக்கும். நான் ஒன்று. எங்கள் கௌசல்யா நாலரை. ஒரு கால் மட்டும் இல்லாதவள், மற்றபடி தேக்கு மரம். மீதி மூன்று பேர் நாலு, இரண்டரை, இரண்டு. கூட்டிப் பாருங்கள், சரியாகப் பதினாலு. நான் கூடையில் பந்து போட்டதே இல்லை. எதிரணியின் பெரிய ஆட்டக்காரிக்குக் குறுக்கே என் நாற்காலியை நிறுத்துவேன். அவள் என்னைச் சுற்றி வருவதற்குள் கௌசல்யா உள்ளே போய்ப் போட்டுவிடுவாள். என்னிடம் ஒன்றும் இல்லாததால்தான் கௌசல்யா களத்தில் இருக்க முடிந்தது. இதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் பயிற்சியாளர் ஜமால் சார். பூந்தமல்லிக்காரர், பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி, ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுடைய சிமெண்ட் ஆடுகளத்தை எங்களுக்கு வாங்கிக் கொடுத்திருந்தார். பெயின்ட் காலியான பிளாஸ்டிக் பக்கெட் ஒன்று எப்போதும் அவர் கையில் இருக்கும். எங்களில் யாரிடம் பேச வேண்டுமென்றாலும் அதைக் கவிழ்த்துப் போட்டு, உட்கார்ந்து, கண்ணுக்கு நேராகப் பார்த்துத்தான் பேசுவார். நின்றுகொண்டு பேசி நான் பார்த்ததில்லை. கேட்காமல் எங்கள் நாற்காலியைத் தொடமாட்டார். இடுப்புப் பட்டையை மட்டும் அவரே கட்டுவார், அதற்கும் முன்னால் "கட்டட்டாம்மா?" என்று கேட்பார். பாராட்டு என்பது அவர் வாயில் வராது. நன்றாக ஆடிவிட்டால் எழுந்து வந்து நம் சக்கரத்தில் காற்று சரியாக இருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பார். அவ்வளவுதான். அவர் டயரை அமுக்க வேண்டும் என்பதற்காகவே நாங்கள் உயிரைக் கொடுத்து ஆடுவோம்.

அந்த வருஷம் தேசியப் போட்டி சென்னையிலேயே நடந்தது. எங்களுக்கு வாய்த்த நல்ல அணி அதுதான். எல்லோரும் முப்பதைத் தாண்டியவர்கள், இன்னொரு வருஷம் இதே ஐந்து பேரும் சேர்ந்து ஆடுவோமா என்பது சந்தேகம். அரையிறுதியில் ஒரு பந்து என் காலடியில் உருண்டு வந்தது. குனிந்தேன், இரண்டு கையாலும் எடுத்தேன், கௌசல்யாவுக்கு வீசினேன், அவள் கூடையில் போட்டாள். ஜெயித்துவிட்டோம். எனக்கு வேறெதுவும் ஞாபகம் இல்லை.

ஆனால் களத்தோரம் புள்ளி கொடுக்கும் குழுவில் ஒரு அம்மா இருந்தார். வடக்கிலிருந்து வந்தவர், கண்ணாடி போட்டவர், பிசியோதெரபிஸ்ட் என்று சொன்னார்கள். சோதனை மேஜையில் மட்டும் பார்த்துவிட்டு விடமாட்டார்கள், ஆடும்போதும் கவனிப்பார்கள். ஒரு புள்ளி ஆட்டக்காரி குனிந்தால் கையை ஊன்றாமல் நிமிர முடியாது. என் இரண்டு கையிலும் பந்து இருந்தது. அப்படியென்றால் எதை ஊன்றி நிமிர்ந்தேன்?

மறுநாள் காலை மறு சோதனை என்று சொல்லிவிட்டார்கள். இறுதி ஆட்டமும் மறுநாளே, மாலையில்.

ஜமால் சார் பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்தார். "நிஜமாவே நிமிர்ந்தியாம்மா?" என்றார்.

"தெரியல சார்."

"பட்டை இறுக்கமா இருந்துச்சா? அது இழுத்திருக்குமா?"

"தெரியல சார்."

"வயித்துல ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் உடம்பைப் பற்றி என்னைக் கேட்கிறார்கள், எனக்குத்தான் தெரியவில்லை. பார்த்தது கண்ணாடி போட்ட அந்த அம்மா. நான் எப்படிப் பார்ப்பேன்?

அன்று சாயங்காலம், தங்கியிருந்த விடுதியில் கௌசல்யா என் பக்கத்தில் வந்து நிறுத்தினாள். "சாந்தி, நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காத. நீ ஏதோ ஒரு வேகத்துல எழுந்துட்ட. நாளைக்கு மட்டும் சும்மா இருந்துடு. கை வெச்சே எழுந்துரு. ஒண்ணுக்கு மேல அரை கூடினாகூட நம்ம கத முடிஞ்சிது."

பின்னால் வந்த ஜமால் சார் காதில் விழுந்துவிட்டது. "கௌசி, அந்தப் பேச்சு வேணாம். அவ ஒடம்பு இன்னா செய்யுதோ அத்த செய்யட்டும்" என்றார். பக்கெட் இல்லாமல், தரையிலேயே உட்கார்ந்து சொன்னார்.

கௌசல்யா மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் சொன்னதில் ஏமாற்று இருக்கிறது என்பதுகூட அப்புறம்தான் உறைத்தது. எனக்கு வந்தது வேறு கேள்வி. சும்மா இருப்பது எப்படி? எப்படி எழுந்தேன் என்று தெரிந்தால் அல்லவா எழாமல் இருக்க முடியும்? விரலை மடக்குகிறவளுக்கு மடக்காமல் இருக்கவும் தெரியும். என் வயிறும் முதுகும் என் பேச்சைக் கேட்டே பல வருஷம் ஆயிற்று.

அண்ணனுக்கு போன் செய்தேன். வழக்கம்போல ஜெயித்ததைச் சொல்லத்தான் செய்தேன். வாய் தவறி, "டெஸ்ட்டு வெச்சிருக்காங்கண்ணா, நான் கை ஊணாம நிமிர்ந்துட்டேனாம்" என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கம் அவன் ஆட்டோ என்ஜினை நிறுத்தினான். "இன்னா சொல்ற பாப்பா? நீயாவா? யாரும் புடிக்காமயா?" என்றான். குரல் சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது. இந்தப் புள்ளி, பதினாலு, கூட்டல் கழித்தல் எல்லாம் அவனுக்குப் புரியவைக்கப் பார்த்தேன். எதுவும் அவன் காதில் ஏறவில்லை.

காலையில் சோதனை நடக்கும் இடத்துக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். கோயில் குங்குமத்தை என் நெற்றியில் அம்மா அப்பினாள். அவர்களை ஒரு பக்கம் உட்காரச் சொன்னார்கள். எதிர்ப் பக்கம் என் அணி. நடுவில் நான்.

முதலில் ஒரு மேஜையில் படுக்கவைத்துத் தொட்டுத் தொட்டுக் கேட்டார்கள். இங்கே தெரிகிறதா, இங்கே தெரிகிறதா என்று கூர்மையான ஒன்றாலும் மழுங்கிய ஒன்றாலும் குத்தினார்கள். சில இடத்தில் தெரிந்தது, சில இடத்தில் இல்லை, சில இடத்தில் தெரிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. "தெரியவில்லை" என்று சொன்னால், தொடுவது தெரியவில்லையா, பதில் தெரியவில்லையா என்று திருப்பிக் கேட்டார்கள். அப்புறம் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். இடுப்புப் பட்டையைக் கண்ணாடிக்கார அம்மாவே தளர்த்தினார். அவரும் அனுமதி கேட்டுவிட்டுத்தான் தொட்டார். அது எனக்குப் பிடித்தது. பந்தை என் காலுக்கு முன்னால் தரையில் வைத்தார். இரண்டு கையாலும் எடுத்து, நிமிர்ந்து, தலைக்கு மேல் தூக்க வேண்டும். முடிந்த அளவு முழு முயற்சி செய்ய வேண்டும், அதுதான் விதி என்று தமிழ் தெரிந்த ஒருவரை வைத்துச் சொல்லவைத்தார்.

குனிந்தேன். மார்பு தொடையில் பதிந்தது. அந்த நிலையில் எனக்குத் தெரிந்தது தரையும் பந்தும்தான். ஆனால் இந்தப் பக்கம் அண்ணன் பார்க்கிறான், அந்தப் பக்கம் கௌசல்யா பார்க்கிறாள் என்பது முதுகில் தெரிந்தது. ஒருத்தர் எழு என்கிறார், ஒருத்தர் எழாதே என்கிறார். முதல் தடவை பந்தை எடுத்ததும் இடது கை தானாகச் சக்கரத்துக்குப் போய்விட்டது. இரண்டாம் தடவை பாதி வந்து, ஆடி, தொப்பென்று திரும்ப விழுந்தேன். மூன்றாம் தடவை, எங்கிருந்து என்று கேட்காதீர்கள், எதுவோ ஒன்று பிடித்தது. ஆடிக்கொண்டே, கோணலாக, மெதுவாக மேலே வந்தேன். பந்து என் தலைக்கு மேல் இருந்தது. மூன்று தடவையும் நான் முழு மூச்சோடு முயன்றேன். இதை எந்தச் சபையிலும் சொல்வேன். ஆனால் மூன்றுக்கும் மூன்று விதமாக ஏன் வந்தது என்று கேட்டால் அன்றைக்கும் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை.

அண்ணன் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டான். யாரைக் கும்பிட்டான் என்று தெரியவில்லை, அந்த வடக்கத்தி அம்மாவைத்தான் என்று நினைக்கிறேன். எதிர்ப்பக்கம் கௌசல்யா குனிந்து தன் நாற்காலியின் போல்டைத் திருகிக்கொண்டிருந்தாள்.

ஒன்றரை என்று முடிவு சொன்னார்கள். பதினாலு பதினாலரை ஆயிற்று.

மத்தியானம் ஜமால் சார் என்னிடம் வந்தார். பக்கெட் கையில் இருந்தது. கவிழ்க்கவில்லை. நின்றுகொண்டு என் டயரைப் பார்த்தபடி, "சாந்தி, பைனல்ல உன் எடத்துல ரேவதி எறங்குறா" என்றார். ரேவதி எங்கள் மாற்று ஆட்டக்காரி. புதிதாக வந்தவள், ஒரு புள்ளி. நாற்காலியை நேராக ஓட்டவே அப்போதுதான் பழகியிருந்தாள். என்னைவிட மோசமாக ஆடுவாள் என்பது அவளுக்கே தெரியும். ஆனால் அவள் ஒன்று, நான் ஒன்றரை.

"நான் இன்னா சார் தப்பு பண்ணேன்?" என்று கேட்டேன்.

"நீ தப்பு பண்ணலம்மா" என்றார். பக்கெட்டை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இறுதி ஆட்டத்தை அந்த பக்கெட்டுக்குப் பக்கத்திலிருந்து பார்த்தேன். எங்கே நிற்க வேண்டும் என்று ரேவதிக்குக் கத்திக் கத்திச் சொன்னேன். நான் சொன்ன இடத்தில் அவள் போய் நின்றாள், அசையவில்லை, பயத்தில் கண்ணை மூடிக்கொண்டாள் என்று நினைக்கிறேன். அதுவே போதுமானதாக இருந்தது. கௌசல்யா பாய்ந்து பாய்ந்து போட்டாள். ஜெயித்துவிட்டோம். எனக்கும் மெடல் மாட்டினார்கள். நான் அழுதேன். சந்தோஷம், பொறாமை, கோபம் எல்லாம் ஒரே குழம்பாகக் கிடந்தது, எதற்கு அழுதேன் என்று பிரிக்க முடியவில்லை.

அண்ணன் என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "மெடலும் வாங்கிட்ட, ஒடம்பும் தேறிகினு வருது. இன்னாத்துக்கு பாப்பா அழுவுற?" என்றான். அவன் கண்ணும் நிறைந்திருந்தது. அவனைப் பார்த்து நான் எப்படிச் சொல்வேன், தேறியதால்தான் அழுகிறேன் என்று?

வீட்டுக்கு வந்தால் அது வேறு கூத்து. ஆடி மாதம். அம்மா நேர்ந்துகொண்டிருந்தாளாம், அம்மனுக்குக் கூழ் ஊற்றினாள். தெருவே வந்து குடித்தது. "எப்ப நடப்ப சாந்தி?" என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி என் செருப்பு அளவைக்கூடக் கேட்டாள். அண்ணன் பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனான். அவர் என்னைப் புரட்டிப் பார்த்துவிட்டு, முதலிலேயே நரம்பில் கொஞ்சம் உயிர் மிச்சம் இருந்திருக்கலாம், குண்டு எறிந்து எறிந்து அது பலப்பட்டிருக்கலாம், சரியாகச் சொல்ல முடியாது, நடக்க வாய்ப்பில்லை என்றார். அண்ணன் காதில் விழுந்தது "மிச்சம் இருந்திருக்கலாம்" மட்டும். வெளியே வந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். "அப்ப நான் முழுசா ஒடச்சிடல, இல்ல பாப்பா?" என்றான். அத்தனை வருஷத்தில் அந்த லாரியைப் பற்றி அவன் வாயைத் திறந்தது அன்றைக்குத்தான்.

"இல்லண்ணா" என்றேன்.

அப்புறமும் ஆடினேன். ஒன்றரைக்கு இடம் கிடைத்த போதெல்லாம் ஆடினேன். ரேவதி நல்ல ஆட்டக்காரி ஆனாள். கௌசல்யாவும் நானும் பழையபடி பேசிக்கொண்டோம், அந்தச் சாயங்காலத்தைத் தவிர எல்லாவற்றையும் பேசினோம். அந்த மத்தியானத்துக்குப் பிறகு ஜமால் சார் கடைசிவரை என்னிடம் உட்கார்ந்தே பேசினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் ஒன்றும் பிரமாதமாக ஆடாத ஒரு நாளில், வந்து என் டயரை அமுக்கிப் பார்த்தார். காற்று சரியாகத்தான் இருந்தது. பிறகு தோள்பட்டை இரண்டும் தேய்ந்துபோனதால் நானே நிறுத்திக்கொண்டேன்.

அந்தப் பெண்கள் கிளம்பும்போது ஒருத்தி மறுபடி கேட்டாள். "இன்னாக்கா நீ, எழுந்தா நல்லதா, எழுந்துக்காட்டி நல்லதா? ஒண்ணு சொல்லேன்."

"எனக்குத் தெரியலடி. முழு மூச்சா பண்ணு. அதுக்கு மேல ஒடம்பு விட்ட வழி" என்றேன். ஏமாற்றத்தோடுதான் போனார்கள்.

அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். கூழ் ஊற்றுவதை அண்ணன் விடவில்லை. ஒவ்வொரு ஆடியிலும் முதல் சொம்பு எனக்கு. கையில் கொடுக்கமாட்டான். என் நாற்காலிக்கு முன்னால் தரையில் வைத்துவிட்டு, இரண்டடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. நான் குனிந்து சொம்பை எடுத்து நிமிரும்வரை மூச்சுவிடமாட்டான். நிமிர்ந்ததும் "ம்" என்று தலையாட்டிவிட்டு மற்றவர்களுக்கு ஊற்றப் போவான்.

சுடிதார்தான் எனக்கு வசதி. வருஷம் முழுக்க அதைத்தான் போடுகிறேன். அந்த ஒரு நாள் மட்டும் புடவை கட்டுவேன். அம்மனுக்காகக் கட்டுகிறேன் என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். முந்தானையை நீளமாக விட்டு இடது கையை மூடிக்கொள்வேன். வலது கையால் சொம்பை எடுக்கும்போது, முந்தானைக்குள் இடது கை முழங்காலை அழுத்தி என்னை மேலே தூக்கிவிடும். அந்தக் கை இல்லாமலும் எழுந்துவிடுவேனோ என்னவோ. அண்ணன் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அதைச் சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.